பேனரில் குடியிருப்பவர்

மனிதனாகப் பிறந்தவன் ஏதாவது ஓர் இடத்தில் இருந்தாக வேண்டும். எங்கும் இல்லாதவனிடம் வரி வாங்க முடியாது என்பதால் அரசாங்கம் இதில் கண்டிப்பாக இருக்கிறது. கிளியனூர் அறிவுச்செல்வன் கோட்டை விட்டது இங்கேதான். கம்பெனி லண்டனில். ஆள் நீண்டகால விசாவில் போர்ச்சுகலில், மடியில் லேப்டாப்போடு.

விசாவைப் புதுப்பிக்கப் போனால், "நீ இந்தியாவில் வசிக்கவில்லை, அங்கே வரி கட்ட வேண்டியவன் இல்லை என்று உன் ஊரில் எழுதி வாங்கி வா" என்றார்கள். மாசக் கடைசிக்குள் சான்று போகாவிட்டால் விசாவும் கிடையாது, வேலையும் கிடையாது. திண்டிவனத்தில் அக்கா வெண்ணிலாவின் மகளுக்குக் காதுகுத்து வேறு. தாய்மாமன் மடி வேண்டும். இரண்டையும் ஒரே நடையில் முடிக்கலாம் என்று வந்தான், பாவம்.

காது குத்தியாயிற்று. மறுநாள் விழுப்புரத்தில் 'வெளிநாடு வாழ்வோர் இருப்பு மற்றும் இன்மை ஆய்வுப் பிரிவு'க்குப் போனான். அதிகாரி வெங்கடாசலம் அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"நீங்க திண்டிவனத்துலதான இருக்கீங்க? தெனம் பஸ்ல வரச்சொல்ல பாக்கறேனே."

"என்னையா சார்?"

"மேம்பாலத்தாண்ட. கூலிங் கிளாஸ் போட்டுக்கினு, கையக் கும்பிட்டுக்கினு நிக்கறீங்களே."

அது பேனர். 'போர்ச்சுகல் புயலே, வருக!' என்று அக்கா புருஷன் ராஜ்குமார் வைத்தது. பனைமர உயரத்துக்கு மாமன்; கீழே ஸ்டாம்ப் அளவில் சொந்தக்காரர்கள். நம்ம பக்கம் பேனர் வைக்காமல் குத்தினால் காதில் ஓட்டையே விழாது.

"சார், அதுலயே போர்ச்சுகல்னு போட்டிருக்குதே!"

"வருகன்னும் போட்டிருக்குது. வந்தவரு போனதா பேனர் எதுவும் இல்லியே? அது நிக்கற வரைக்கும் நீங்க இங்கதான். எறக்கிட்டு வாங்க."

பேனருக்கு அனுமதி தருகிற ஆபீசுக்கு ஓடினான். அங்கே ஒருவர் பைலைப் புரட்டினார்.

"அந்த எடத்துல நாங்க அனுமதியே குடுக்கல. அதனால அங்க பேனர் கெடையாது. இல்லாதத எப்படி எறக்கறது?"

"அப்ப இல்லன்னே எழுதிக் குடுங்க சார்."

"எழுதணும்னா நேர்ல போய்ப் பாக்கணும். பாத்தா இருக்குதே!"

பேஜாராகி, அக்காவின் பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் ஏணியை வாங்கிக்கொண்டு தானே இறக்கப் போனான். சொந்தம் மொத்தமும் திரண்டுவிட்டது. "என் மொகத்தக் கிழிப்பியாடா?" என்று பெரியப்பா பெரியதம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டார். வெண்ணிலா அழுதே விட்டாள். "மாமியார் வீட்ல என் மானமே அதுலதாண்டா தொங்கிக்கினு இருக்குது!" அறிவுக்கும் கண் கலங்கிப் போயிற்று. ஏணியைத் திருப்பித் தந்துவிட்டான்.

மாசம் முடிந்தது. விசா போயிற்று, வேலையும் போயிற்று. மறுபடி வெங்கடாசலத்திடம் போனான்.

"சார், உங்க வாக்கு பலிச்சிடுச்சி. இப்ப நெஜமாவே இங்கதான் இருக்கேன்."

"சம்பளம்?"

"இல்லைங்க சார்."

"வரி?"

"எதுக்குங்க கட்டறது?"

"அப்ப நீங்க இங்க இருந்து இன்னா பிரயோஜனம்?" என்று வருத்தத்தோடு சீல் குத்தினார். 'மேற்படி நபர் இந்தியாவில் வசிக்கவில்லை.'

அடக் கொடுமையே! சொந்தக்காரர்களுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அதே இடத்தில் புது பேனர் ஏறியது: 'அரசே ஒப்புக்கொண்ட வெளிநாட்டுக்காரரே, வருக!' உச்சியில் நன்றியோடு வெங்கடாசலத்தின் படம்.

இப்போது வேறொரு கம்பெனி அறிவைக் கூப்பிடுகிறதாம். புது விசா, புது சான்று, அதற்கு இந்தப் பேனர் இறங்க வேண்டுமாம். நேற்று ஏணி கேட்டு வந்தான்.

இந்தத் தடவை கீழ்வரிசையில் என் படமும் இருக்கிறது. நன்றாகவே விழுந்திருக்கிறது.

சுவரில் சாய்த்து வைத்திருந்த ஏணியை மறைத்துக்கொண்டு நின்று, "என்கிட்ட ஏது தம்பி ஏணி?" என்றேன்.