பத்துக்கு ஒன்று வாங்கிய அண்ணி

பெருமதிப்பிற்குரிய அண்ணன் நூர்தோலோத் அவர்களுக்கு,

தங்கள் தம்பி எல்தியார் பணிவோடு எழுதுவது. இங்கே குதிரைகள், ஆடுகள், அப்பா, அண்ணி, நான் எல்லோரும் நலம்; வீட்டில் யாருக்கு மதிப்பு அதிகமோ அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். மாஸ்கோவில் தாங்களும் தாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் பதினெட்டு மாடியும் அசையாமல் நிற்க வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறார். அதனால் உன் பக்கம் வரும் பாக்கிர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். மாதம் முடிவதற்குள் அண்ணிக்காக அப்பாவைக் கூப்பிட்டு, "புருலாய் அந்த வேலைக்குப் போகட்டும்" என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்காமல் சொல்லமாட்டாய், எனக்குத் தெரியும். கேள்.

பிஷ்கெக்கிலிருந்து குல்சினா என்று ஒரு டாக்டர் வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மனுஷர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள், ஆணும் பெண்ணும் எதில் வித்தியாசப்படுகிறார்கள் என்று ஆராய்கிறவர். வயது நாற்பத்தொன்று. வந்த அன்றே அப்பா, "ஏம்மா, கல்யாணம் பண்ணிக்கல?" என்று கேட்டுவிட்டார். "அதைப் பத்திதான் ஆராய்ச்சி, ஐயா. இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா இரண்டாவது கிண்ணம் புளித்த குதிரைப்பால் குமிஸையும் ஒரே மூச்சில் குடித்தார். அப்பா தானே மூன்றாவதையும் ஊற்றினார். எனக்கு அந்த நிமிஷமே டாக்டரைப் பிடித்துப்போனது. அவருக்கு உதவியாளாகவும் சேர்ந்துவிட்டேன். படிப்பை விட்டுவிட்டு வந்தவன் என்று சொன்னேன், "எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்டார், "அடடா" என்று சொல்லவில்லை.

சோதனை இதுதான். முன்பின் தெரியாத பத்துப் பேரின் படம், படத்துக்கு ஒரு பேர். பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கால்மணி நேரம் கழித்துப் படத்தைக் காட்டுவார்கள், பேரைச் சொல்ல வேண்டும். "இந்த ஊர்ல புழங்கற பேரா எழுதிக் குடு" என்றார் டாக்டர். நான் வீடு வீடாகப் போய் விசாரித்திருக்க வேண்டும். அன்றைக்குக் குதிரைப் பந்தயம் இருந்ததா, உட்கார்ந்த இடத்தில் நம் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா பேர்களை ஐந்தே நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஒன்பதுக்கு மேல் சொந்தக்காரர் ஞாபகத்துக்கு வரவில்லை. பத்தாவதாக என் பழைய ஹாஸ்டல் வார்டன் பேர்.

நீ இப்போது தலையில் அடித்துக்கொள்வது இங்கே கேட்கிறது. மருமகள்கள் புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள் என்பது இந்த ஊரில் நாய்க்கும் தெரியும். நகரத்தில் பிறந்து வளர்ந்து, எந்த வீட்டுக்கும் மருமகளாகப் போகாத டாக்டருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் தோன்றவில்லை. ஊர் முழுக்க ஒரே வம்சம், எந்த மருமகளைக் கூப்பிட்டாலும் அந்த ஒன்பது பேரும் அவளுக்கு மாமனார் முறை, மாமியார் முறை. போதாததற்கு அப்பா முக்காலியைக் கொண்டுவந்து சோதனை நடந்த கூடார வாசலிலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி முறை வந்தது.

"இவர் பேரு என்னம்மா?"

"மாவு மில்லுக்குப் பின்னாடி, நொண்டிக் குதிரை வெச்சிருக்காரே பெரியவர், அவர் பேருதான்."

"அவர் பேரு என்ன?"

"அதான் சொன்னேனே, நொண்டிக் குதிரைக்காரர்."

"சரி, இது?"

"மூணு பொண்டாட்டி போய்ச் சேர்ந்து, நாலாவது தேடறாரே…" வாசலில் அப்பா இருமினார். "அவரோட பேரு."

"பேரைச் சொல்லும்மா!"

"நல்ல பேருங்க. எனக்கு ஒரு குறையும் இல்ல."

வார்டன் பேரை மட்டும் படக்கென்று சொன்னாள். பத்துக்கு ஒன்று. இருபத்துநான்கு மருமகள்களும் அப்படித்தான். கல்யாணம் ஆகாத பெண்கள் எட்டு, ஒன்பது. ஆண்கள் ஆறு. டாக்டர் கோடு போட்டுப் பார்த்தார். பெண்களின் கோடு மேலே மேலே போய், கல்யாணத்தன்று மலையிலிருந்து விழுந்த ஆடு மாதிரி விழுந்து கிடந்தது. "எல்தியார், கல்யாணம் ஆனா ஞாபகசக்தி போயிடுது! நான் அப்பவே சந்தேகப்பட்டேன்!" என்று துள்ளினார். நான் துள்ளவில்லை.

ஏன் என்றால், பக்கத்திலுள்ள பன்னிரண்டு ஊர்களுக்கும் ஒரு வருஷம் குதிரையில் போய் இதே சோதனையை நடத்த ஓர் ஆள் வேண்டும். அதிக மதிப்பெண் வாங்குகிறவருக்கு வேலை. அண்ணி அதற்காகத்தான் முதல் ஆளாகப் பேர் கொடுத்திருந்தாள். பத்துக்குப் பத்து வாங்கியது நான்தான், அண்ணா. பட்டியல் எழுதியவனே பரீட்சையும் எழுதினால் வேறென்ன வரும்?

அன்று அண்ணி எண்ணெயில் போர்சோக் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள்.

"சின்னவரே, வாழ்த்துக்கள்."

"எதுக்கு அண்ணி?"

"உங்க பெரியப்பா சித்தப்பா பேரெல்லாம் மறக்காம சொல்லியிருக்கீங்களே. பெரிய படிப்புல்ல அது."

"நீங்க அந்தம்மாகிட்ட விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே!"

"வாசல்ல மாமா உக்காந்திருந்தார். உள்ள நீங்க உக்காந்திருந்தீங்க. யார் சொல்லியிருக்கணும்?"

அதற்கு மேல் எனக்கு அந்த அடுப்படியில் வேலை இல்லை. நேரே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்தார் பார், கண்ணீர் வரச் சிரித்தார். கோடு போட்ட தாளை எடுத்துக் குறுக்கே அடித்தார். "இதை அச்சுல போட்டிருந்தேன்னா ஊர்ல இருக்கற மருமகளெல்லாம் மறதிக்காரின்னு ஆகியிருப்பாங்க. வாசல்ல யார் உக்காந்திருக்காங்கன்னு நான் பாக்கல. தப்பு என்னோடது" என்றவர், அண்ணியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். நான் மூன்று வருஷம் எத்தனையோ பேராசிரியர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அண்ணா. ஒருத்தர் வாயிலிருந்தும் இந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. வந்திருந்தால் நான்காவது வருஷமும் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

"இப்ப என்ன பண்ணலாம், நீயே சொல்லு" என்று டாக்டர் கேட்க, அண்ணி சொன்னாள்: "கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பேரா வைங்க. அங்க எனக்கு மாமனாரே கிடையாது."

புதுப் படம், புதுப் பேர். மருமகள்கள் எட்டு, ஒன்பது. அண்ணி பத்து. ஆண்கள் அதே ஆறு. எனக்கு நான்கு. அப்பா தானாக முன்வந்து உட்கார்ந்து மூன்று வாங்கினார். "அப்ப பொண்ணுங்களுக்குத்தான் மூளை அதிகம், இல்லையா?" என்று நான் கேட்டேன். "ஒரு ஊரை வெச்சு உலகத்தைச் சொல்லாதே. இவங்களுக்குப் பழக்கம்னு ஒண்ணு இருக்கலாம்" என்றார் டாக்டர். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே, "பேரை மறந்தாத்தானே வாய் தவறி வரும்? நாங்க ஒரு நிமிஷம்கூட மறக்க முடியாது. சொல்லாம இருக்கறதுக்குத்தான் ஞாபகம் வேணும்" என்றாள். டாக்டர் உடனே பேனாவை எடுத்தார். ஏழு வருஷமாக இந்த வீட்டில் எனக்குச் சோறு போடுகிறவள் இப்படிப்பட்டவள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உனக்காவது தெரியுமா?

வேலை அண்ணிக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாதான், "மருமக ஊர் ஊரா குதிரைல சுத்தறதா? புருஷன்காரன் சொல்லட்டும், பாக்கலாம்" என்கிறார். அந்த மூன்றுக்குப் பிறகு டாக்டரோடும் பேசுவதில்லை. ஆகவே அண்ணா, போனை எடு. ஸ்பீக்கரில் போடட்டும், ஊரே கேட்கட்டும், அதுவும் நல்லதுதான். சத்தமாகச் சொல்.

நீ ஏறி நிற்கும் சாரம் உறுதியாக இருக்கட்டும், உன் மேஸ்திரி நல்ல மனநிலையில் இருக்கட்டும். பெரியவர்கள் அனைவரின் ஆசியோடும்,

தங்கள் அன்புத் தம்பி
எல்தியார்

பின்குறிப்பு: போன் பண்ண வேண்டாம். இதை மடிக்கும்போது வெளியே சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அப்பா இரண்டு குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார். ஒன்று அண்ணிக்கு, ஒன்று அவருக்கு. "அண்ணன் சொல்லணும்னீங்களே?" என்றேன். "அவன் கிடக்கான். எனக்கு மட்டும் மூணுன்னு எழுதிவெச்சிட்டு அந்தம்மா போயிடுமா? பன்னெண்டு ஊர்க் கிழவனுங்களும் எவ்வளவு வாங்கறானுங்கன்னு நான் பக்கத்துல நின்னு பாக்கணும்" என்றார். கிளம்பிவிட்டார்கள். அண்ணி முன்னால், அப்பா பின்னால், கறவை என் தலையில். உடனே எனக்குப் பதில் எழுது: குதிரைப் பால் கறக்கும்போது எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? ஒரு பக்கம் நின்று பார்த்துவிட்டேன், அது இல்லை.