இடது பக்கம்

"மில் அணியின் கோல்கீப்பர் டென்சிலுக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது போலும்" என்று ரெமிஜியஸ் உரக்கப் படித்தார்.

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது அவருக்குப் புரிந்தது. அவருக்கு எப்போதும் அப்படித்தான். முதலில் எழுத்து வரும், பிறகு சத்தம் வரும், அர்த்தம் கடைசியாக, சங்கு ஊதிய பிறகு மில்லுக்கு ஓடி வருகிறவனைப் போல வந்து சேரும்.

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"ஏண்ணே, அது உங்க மச்சான் இல்லே?" என்றான் ஒருவன்.

"பொண்டாட்டியோட தம்பி. சனிக்கிழமை இடது பக்கம் ஒன்பது பந்து வந்துச்சு. ஒன்பதையும் பிடிச்சான். நான் விரல் விட்டு எண்ணினேன். ரெண்டு கோல்ல நாமதான் ஜெயிச்சோம். இதை எழுதினவன் எந்த மைதானத்துல இருந்தான்?"

"மைதானத்துக்கு வெளியே, மரத்தடியில தூங்கிட்டு இருந்திருப்பான்" என்றாள் கடைக்கார ஜகதாம்பாள், டீயை ஆற்றிக்கொண்டே.

பெஞ்சின் ஓரத்தில் பிஸ்கட் கம்பெனி அணிக்குக் கோல் அடிக்கிற முன்வரிசை ஆட்டக்காரன் ஷங்கர் உட்கார்ந்திருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "பேப்பர்ல சும்மாவா போடுவாங்க?" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனான்.

ரெமிஜியஸுக்கு வயது நாற்பத்தாறு. நூற்பு இலாகாவில் இருபத்தைந்து வருடமாக அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருக்கிறார். முப்பத்தெட்டாவது வயதில் லிங்கராஜபுரம் கோயில் வாத்தியாரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டார். அன்று முதல் திங்கட்கிழமைதோறும் டீக்கடையில் 'நகரத் தூதன்' பேப்பரை உரக்கப் படிப்பது அவர் வேலை. அவருடைய வாழ்க்கையில் பத்துப் பேர் வாயை மூடிக்கொண்டு அவர் பேச்சைக் கேட்கிற நேரம் அது ஒன்றுதான். அந்த நேரத்திலும் இரண்டு வருடமாக மச்சானின் மானத்தைத் தானே ஏலம் போட வேண்டியிருந்தது. எந்த ஆட்டம் நடந்தாலும் அந்த நிருபர் அதையேதான் எழுதினார். டென்சிலுக்கு இடது பக்கம் வராது.

வீட்டுக்குப் போனால் மனைவி ஜோசஃபின் காத்திருந்தாள். "இன்னைக்கும் அப்படித்தான் போட்டிருக்கானாமே? எதிர்வீட்டு டோரீன் வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போறா."

டென்சிலைப் பந்துக்காகத்தான் மில்லில் எடுத்தார்கள். ஆனாலும் இரண்டு வருடமாகப் பதிலி ஆள். யாராவது வேலைக்கு வராத நாளில்தான் அவனுக்கு வேலை. கேடயத்துக்கான கடைசி ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரை நிரந்தரம் செய்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். நிரந்தரம் ஆனால்தான் பெண் தருவேன் என்று, அவன் கட்டிக்கொள்ளக் காத்திருந்த யூனிஸின் அப்பாவும் சொல்லியிருந்தார்.

"ஆபீஸ்ல அந்த ஸ்ரீகண்டன் மில்லைப் பத்தி வர்ற சேதியெல்லாம் வெட்டி ஃபைல்ல ஒட்டறாராம். மேனேஜர் கண்ணுல பட்டா என்னாகும்?" என்றாள் ஜோசஃபின்.

டென்சில் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "ஸ்ரீகண்டன் ஸார் எத்தனை கோல்னு மட்டும்தான் பார்ப்பாரு அக்கா. நக்கோ மாமா, வேணாம், விட்டுடுங்க."

"எப்படிடா விடறது? உனக்கு ரோஷமே இல்லையா?"

"பந்து பிடிக்க ரோஷம் எதுக்கு மாமா? கை இருந்தா போதும்."

ரெமிஜியஸ் விடவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அவர் எழுதிய முதல் கடிதம் அது. ஆகையால் கொஞ்சம் காரமாகவே எழுதினார்: "ஐயா, நீங்கள் எழுதுகிற டென்சில் அன்றைக்கு அந்த மைதானத்தில் இல்லவே இல்லை."

அடுத்த திங்கட்கிழமை பேப்பரில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். ரெமிஜியஸ் பெருமையோடு எழுந்து நின்று படித்தார்: "திருத்தம். சென்ற வாரக் கால்பந்துச் செய்தியில் டென்சிலைப் பற்றிக் குறிப்பிட்டது தவறு. அவர் அன்றைய ஆட்டத்தில் ஆடவில்லை என்று வாசகர் ஒருவர் தெரிவிக்கிறார். வருந்துகிறோம்."

அர்த்தம் வந்து சேர்ந்தபோது அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

அன்று மத்தியானமே டென்சிலுக்கு மெமோ வந்தது. ஆட்டத்துக்கென்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆடாமல் எங்கே போனீர்?

ரெமிஜியஸ் ஆபீசுக்கு ஓடினார். குமாஸ்தா ஸ்ரீகண்டன் கையில் பசைக் குச்சியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஸார், அவன் ஆடினான் ஸார். நாலாயிரம் பேர் பார்த்தாங்க."

"நாலாயிரம் பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்களா?"

"நீங்களே பார்க்க வந்திருக்கலாமே ஸார்."

"நான் எதுக்கய்யா பார்க்கணும்? அதுக்குத்தானே பேப்பர் இருக்கு! இத்தனை நாள் நான் ஸ்கோர் மட்டும்தான் பார்ப்பேன். இனிமே டென்சில்னு பேர் வந்தா ஒரு வரி விடமாட்டேன்."

சனிக்கிழமைச் சம்பளத்தைப் போல, திருத்தம் போட வைத்த நிம்மதியும் ரெமிஜியஸின் கைக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. அவர் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு சிவாஜி நகரில் இருந்த பேப்பர் ஆபீசைத் தேடிப் போனார். அங்கே உதவி ஆசிரியர் வைத்தீஸ்வரன் பஞ்சாங்கப் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"கோல்கீப்பர்னா, கோல் போடறவர்தானே?" என்று கேட்டார் வைத்தீஸ்வரன்.

"கோல் விடாம தடுக்கறவர் ஸார்."

"அப்படியா! தடுக்கறதுக்குன்னு தனியா ஒருத்தர் வேறயா?"

ரெமிஜியஸுக்குத் தலை சுற்றியது. "இந்த ஆட்டத்தைப் பத்தி எழுதற நிருபர் யாரு ஸார்?"

"எங்களுக்கு ஏதுய்யா நிருபர்? யாரோ சீட்டு எழுதி ஹெர்பர்ட் கிட்டே குடுப்பாங்க. அவர் அச்சுக் கோப்பார். எனக்குத் தெரிஞ்ச விளையாட்டு சீட்டாட்டம் ஒண்ணுதான்."

மூலையில் அச்செழுத்துப் பெட்டிக்கு முன்னால் ஹெர்பர்ட் நின்றுகொண்டிருந்தார். விரல்களெல்லாம் மை. ரெமிஜியஸ் யாரென்று தெரிந்ததும் அவர் கையிலிருந்த எழுத்துகள் கீழே சிந்தின.

"யாருங்க சீட்டுக் குடுக்கறது?"

"அது... யாரோ ஒரு ஆள். வருவாரு, குடுப்பாரு, போயிடுவாரு." ஹெர்பர்ட் குனிந்து எழுத்துகளைப் பொறுக்கினார். "அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இதைக் கிளறாதீங்க. அப்படியே விட்டுடுங்க."

"ஊர்ல எல்லாரும் என்னை விடச் சொல்றீங்க. அந்தப் பையன் மானத்தை யாரும் விடமாட்டேங்கறீங்க."

வைத்தீஸ்வரனுக்கு இரக்கம் வந்துவிட்டது. "உங்களுக்கு இவ்வளவு விஷயம் தெரியுதே, அடுத்த ஆட்டத்தை நீங்களே எழுதிக் குடுங்களேன்."

அரையிறுதி ஆட்டத்துக்கு ரெமிஜியஸ் நோட்டும் பென்சிலுமாகப் போனார். எழுத்து அவருக்குச் சீக்கிரம் வராது. 'ஆட்டம் சரியாக நாலரை மணிக்குத் தொடங்கியது' என்று எழுதி முடித்து நிமிர்ந்தபோது இடைவேளை விட்டிருந்தார்கள். நடுவில் எழுந்த பெரிய கூச்சலை அவர் காதால் மட்டும் கேட்டிருந்தார்.

"என்ன ஆச்சுங்க?" என்று பக்கத்து ஆளைக் கேட்டார்.

"நீங்கதானே பேப்பர்காரர்? எங்களைக் கேக்கறீங்க?"

அதற்குப் பிறகு நோட்டை மடித்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்தார். மில் ஒரு கோலில் ஜெயித்தது. டென்சில் பறந்தான். வீட்டில் வந்து மூன்று பக்கம் எழுதினார். இந்தப் பக்கம் விழுந்து ஒரு பந்தைப் பிடித்தான், உடனே எழுந்து மறுபடி விழுந்து இன்னொன்றைப் பிடித்தான் என்று ஒவ்வொரு பந்தாக எழுதினார்.

திங்கட்கிழமை அந்த இடத்தில் முக்கால்வாசிக்குத் தைல விளம்பரம் வந்திருந்தது. மீதி இடத்தில் இரண்டே வரி: "அரையிறுதியில் மில் அணி வென்றது. கோல்கீப்பர் டென்சில் பலமுறை கீழே விழுந்தார்."

டீக்கடையில் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "அய்யோ பாவம், எத்தனை நாளா இருக்கு?" என்று ஜகதாம்பாள் மெதுவாகக் கேட்டாள்.

ஸ்ரீகண்டன் அதையும் வெட்டி ஒட்டினார். ஒட்டிவிட்டு டென்சிலை மில் டாக்டரிடம் அனுப்பினார்.

"விழறதுக்கு முன்னாடி கண்ணு இருட்டுமா?" என்றார் டாக்டர்.

"இல்லை ஸார். பந்து வரும்."

"பந்து வர்ற மாதிரி தோணும். அப்புறம்?"

"விழுவேன் ஸார்."

டாக்டர் விவரமாக எழுதிக்கொண்டார். வலிப்பு இல்லையென்று தெரியும்வரை இயந்திரத்தின் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. கால்பந்து ஆடலாம், மைதானத்தில் இயந்திரம் இல்லை. டென்சிலைப் பஞ்சுக் கிடங்கு பெருக்கப் போட்டார்கள்.

யூனிஸின் அப்பா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரெமிஜியஸைப் பார்க்காதவர் போல நடந்து போனார். ஜோசஃபின் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாள். பாத்திரங்கள் மட்டும் பேசின.

ரெமிஜியஸ் மறுபடியும் பேப்பர் ஆபீசுக்குப் போனார். இந்தத் தடவை அவரிடம் கோபம்கூட மிச்சமில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து வெறுமனே சுவரைப் பார்த்தார்.

"உங்க எழுத்துல ஒரே புகழ்ச்சியா இருந்தது" என்றார் வைத்தீஸ்வரன். "அதனாலதான் வெட்டினேன். ஒரு சின்னக் குறையும் சேர்த்து எழுதுங்க. அப்பதான் ஜனங்க நம்புவாங்க. இந்தத் தடவை கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே போடறேன். ஒரு எழுத்து மாறாது."

ரெமிஜியஸ் ஐந்து நாள் யோசித்தார். பொய் எழுதுவதற்காக அவர் எழுத்துக் கற்கவில்லை. உண்மையை உள்ளபடி எழுதினார்: "டென்சிலின் இடது பக்கம் இரும்புக் கதவு. இரண்டு வருடத்தில் அந்தப் பக்கம் ஒரு பந்தும் உள்ளே போனதில்லை. வலது காலில் மட்டும் பழைய அடி உண்டு. ஆகையால் வலது பக்கம் தரையோடு வரும் பந்துக்குக் கொஞ்சம் தாமதமாக விழுவார். மற்றபடி குறை இல்லை."

ஹெர்பர்ட் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை கேட்டார்: "இதை அப்படியே போடணுமா ஸார்?"

"ஒரு எழுத்து மாறக் கூடாது!" என்றார் வைத்தீஸ்வரன்.

மாறவில்லை. திங்கட்கிழமை ரெமிஜியஸ் படித்தபோது, முதன்முறையாக எழுத்தும் சத்தமும் அர்த்தமும் ஒன்றாக வந்தன. டீக்கடை கை தட்டியது.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றான் ஷங்கர். "அண்ணே, கடைசி ரெண்டு வரி மட்டும் இன்னொரு தடவை படிங்க."

ரெமிஜியஸ் படித்தார். இன்னும் கொஞ்சம் உரக்கவே படித்தார்.

டென்சில் அன்று வீட்டுக்கு வந்து பேப்பரை வாங்கி நின்றபடியே படித்தான். "நல்லா எழுதியிருக்கீங்க மாமா" என்றான். "ஒரு பிழைகூட இல்லை." அப்புறம் அவன் சாப்பிடவில்லை. விளக்கெண்ணெயைச் சுட வைத்து வலது முழங்காலில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கேடயத்துக்கான ஆட்டம் பிஸ்கட் கம்பெனியோடு. மேனேஜரே வந்தார். விடுப்பு எடுத்து ஓடுகிறவன், நின்ற இடத்தில் விழுகிறவன் என்று ஃபைல் முழுக்க ஒரே பெயர் வந்தால் யாருக்குத்தான் பார்க்கத் தோன்றாது? பக்கத்து நாற்காலியில் ஸ்ரீகண்டன். பின்னால் நின்று ரெமிஜியஸ் ஜெபமாலையை உருட்டினார்.

ஐந்தாவது நிமிடம் ஷங்கர் தரையோடு ஒரு பந்து அடித்தான். வலது பக்கம். கோல்.

பன்னிரண்டாவது நிமிடம் இன்னொன்று. அதுவும் தரையோடு வலது பக்கமே.

இடைவேளையில் ரெமிஜியஸ் வலைக்குப் பின்னால் ஓடினார். "என்னடா இது? எப்பவும் எல்லாரும் இடது பக்கம்தானே அடிப்பாங்க?"

டென்சில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "பேப்பர் படிச்சுட்டாங்க மாமா."

மொத்தம் ஐந்து கோல். ஐந்தும் வலது பக்கம்.

மேனேஜர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். கையில் ஸ்ரீகண்டன் வெட்டிக் கொடுத்த பேப்பர் துண்டு. ஸ்ரீகண்டன் கன்னடத்தில் அதற்கு அர்த்தம் சொல்ல, மேனேஜர் தலையாட்டிவிட்டு நல்ல தமிழில் சொன்னார்: "எழுதினவரு ரொம்பக் கெட்டிக்காரரு. எப்படிப் பார்த்து எழுதியிருக்காரு பாரு! வேற ரெண்டு பேர் பேரை எடுத்து வை."

கூட்டம் கலைந்தது. யூனிஸின் அப்பா இந்தத் தடவை ரெமிஜியஸை நேராகப் பார்த்துவிட்டே போனார். ரெமிஜியஸ் மைதானத்து வாசலில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டார். மை விரல்களோடு ஹெர்பர்ட் வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"ரெண்டு வருஷமாப் பொய் எழுதினான் ஒரு பாவி" என்றார் ரெமிஜியஸ். "அவன் யாருன்னு இப்பவாவது சொல்லுங்க. ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போறேன்."

ஹெர்பர்ட் மைதானத்தின் பக்கம் பார்த்தார். அங்கே டென்சில் நொண்டிக்கொண்டே வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தச் சீட்டெல்லாம் எழுதிக் குடுத்தது உங்க மச்சான்தான் அண்ணே, 'இடது பக்கம் வராதுன்னு அச்சுல ஏத்து, எதிராளி அத்தனை பேரும் நம்பி அங்கேயே அடிப்பானுங்க, ஊரெல்லாம் பரவுறதுக்கு எங்க மாமா டீக்கடையில உரக்கப் படிச்சா போதும்'னு சொல்லி எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தான்."