யாருடைய றைட்?

வாவி கடலில் விழும் கல்லாற்று முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணலை வெட்டிவிட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். கடலுக்கு வேண்டாம், வாவிக்கு வேண்டாம். மண்வெட்டி பிடிக்கிற மனிதருக்கு மட்டும் வேண்டும்.

அந்த மாரியில் வாவி பெருகிப் பழுகாமத்து வயல் வட்டைக்குள் ஏறிவிட்டது. கதிர் தள்ளக் காத்திருந்த கனகம்மையின் நெல், நுனி மட்டும் தெரியத் தண்ணீருக்குள் நின்றது. இன்னும் இரண்டு நாள் நின்றால் அழுகிவிடும். விதவை மனுசிக்கு வேறு வயல் கிடையாது. அவளும் அயல் வயல்காரரும் மண்வெட்டிகளோடு பெரியகல்லாற்றுக்கு வந்து, அங்கே முகாமிட்டிருந்த நீர்வாயில் பரிபாலன அதிகாரியின் முன் நின்றார்கள்.

அதிகாரி நாட்டு நிலைமை அறிந்தவர். சிங்களத்தில் பேசினால் இங்கே கோபிப்பார்கள். தமிழில் பேசினால் கொழும்பில் கோபிப்பார்கள். இங்கிலீசில் பேசினால் பத்திரிகைக்காரர் கோபிப்பார்கள். ஆகையால், தேச ஒற்றுமையை முன்னிட்டு, அவர் ஒரே ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டிருந்தார்.

கனகம்மை அழுது முடித்ததும் அந்தச் சொல்லைச் சொன்னார்.

“றைட்.”

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

“வெட்டலாமா?” என்று கனகம்மை கேட்டாள்.

“அவசரப்படாதகா,” என்றார் கிளாக்கர் யோசேப்பு. ஐயாவின் சொல்லுக்கு வியாக்கியானம் செய்வதற்கென்றே நியமனம் பெற்றவர் அவர். “கட்டையாச் சொன்னா, ஓம். இழுத்துச் சொன்னா, நாளைக்கு வா. மூக்கால சொன்னா, கொழும்புக்கு எழுதவேணும். கண்ணாடியக் கழட்டிப்போட்டுச் சொன்னா, நீங்க சொன்ன ஒண்டும் அவருக்குக் கேக்கல்ல.”

“இப்ப எப்பிடிச் சொன்னவர்?”

“கொட்டாவியோட.”

“அதுக்கு என்ன கருத்து?”

“அதுக்கு இன்னும் வியாக்கியானம் வரல்லகா.”

வயல்காரர் இரண்டு கட்சியானார்கள். சொல் முந்தியது, கொட்டாவி பிந்தியது என்றது ஒரு கட்சி. கொட்டாவிதான் முந்தியது என்றது மற்றக் கட்சி. ஐயா மாதிரியே சொல்லிக் காட்டிப் பழகினார்கள். பின்னேரத்துக்குள் அது நாகரிகமாகிவிட்டது. அவர்களில் அருளப்பு வெற்றிலை கேட்டான், தங்கராசா “றைட்” என்றான், வெற்றிலை வரவில்லை.

தண்ணீர் மட்டும் வியாக்கியானத்துக்குக் காத்திராமல் தெருவுக்கு ஏறியது. மட்டக்களப்புக்குப் போகிற பஸ் வந்து அதற்குள் நின்றது. கொண்டக்டர் உசனார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

“என்ன கூட்டம்கா இது?”

கனகம்மை நடந்ததைச் சொன்னாள்.

“கொட்டாவியையா பார்த்துக்கொண்டு நிக்கிறயள்?” என்றார் உசனார். “எங்கட பஸ்ஸில அந்தச் சொல்லுக்கு ஒரு கருத்துத்தான். போறது. நான் சொல்லட்டா?”

“சொல்லு காக்கா!” என்று அண்ணன் முறை வைத்துக் கூவினார்கள்.

உசனார் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, தொண்டை கிழியக் கத்தினார்.

“றைட்!”

அத்தனை மண்வெட்டிகளும் ஒருமிக்க மணலில் இறங்கின. பொழுதுபடுமுன் வாவி, பெருமூச்சு விடுவதுபோலக் கடலுக்குள் போயிற்று. கனகம்மையின் நெல் தலையைத் தூக்கி நின்றது.

அடுத்த கிழமை விசாரணை வந்தது. ‘துரித முடிவெடுத்த அதிகாரி’ என்று கொழும்புப் பத்திரிகை புகழ்ந்திருந்ததால், அந்த முடிவை எடுத்தது யார் என்று அதிகாரிக்கே தெரியவேண்டியிருந்தது.

“யாருடைய றைட்டுக்கு வெட்டின நீங்க?” என்று கேட்டார் யோசேப்பு.

கனகம்மை திரும்பிப் பார்த்தாள். வாசலில் உசனார் நின்றார். அடுத்த மாரிக்கும் வாவி பெருகும், அதிகாரியும் இருப்பார்.

“ஐயாட றைட்டுக்குத்தான்,” என்றாள், நிலத்தைப் பார்த்தபடி. எல்லாரும் அப்படியே சொன்னார்கள். ஐயாவுக்கு மாலையும் அவர்களே போட்டார்கள்.

உசனாருக்கு அங்கேயே உத்தரவு வந்தது: அரசாங்கத்துக்குரிய சொல்லைத் தக்க அதிகாரமின்றி உரத்துப் பிரயோகித்தமையால், இனிமேல் ஒவ்வொரு முறையும் முன் அனுமதி பெற்றே அவர் அதைச் சொல்லலாம்.

ஊருக்குப் போக எல்லாரும் பஸ்ஸில் ஏறினார்கள். ஜீப் பழுதான காரணத்தால் அதிகாரியும் மாலையோடு முன் ஆசனத்தில் இருந்தார். பஸ் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

அதிகாரி பொறுமையிழந்து, “றைட்!” என்றார்.

சாரதி மரியாதையாகத் திரும்பினார். “எந்த றைட் ஐயா?”

யோசேப்பு தலையைச் சொறிந்தார்.

“உசனார் காக்கா,” என்று கனகம்மை கெஞ்சினாள், “நீ ஒருக்காச் சொல்லன்.”

“அனுமதிக்கு எழுதிப்போட்டிருக்கன்கா.”

“எப்ப வரும்?”

உசனார் அவளுக்குப் பக்கத்தில் ஆறுதலாகக் குந்தி, வாய் நிறையக் கொட்டாவி விட்டார்.

அதற்கு வியாக்கியானம் தேவைப்படவில்லை.