பியூலாவின் தலைமுடி சம்பந்தமாக

எம்.ரெட்டியபட்டி,
11.7.1989

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் ஞானராஜ் அவர்களுக்கு, தங்கள் காலஞ்சென்ற தங்கை ராஜாத்தியின் வீட்டுக்காரன் ஸ்டீபன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. நானும் மாடுகளும் சுகம். பியூலாவும் சுகம், தலையைத் தவிர.

"ஆம்பள தனியா இருந்து பொம்பளப் பிள்ளைய வளக்க முடியாது, வர்ற ஞாயித்துக்கெழம வந்து அருப்புக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று எழுதியிருந்தீர்கள். ரோஷமாகப் பதில் எழுத உட்கார்ந்தவன்தான் நான். அதற்குள் நடந்ததைக் கேளுங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை ரெட்டைச் சடையோடுதான் வரவேண்டும் என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். சோறு பொங்கப் பழகிவிட்டேன். அதைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் யாருக்கும் தெரியாது. சடைக்கு வெளிச்சம் வேண்டுமே, வாசலில் உட்கார்ந்துதான் பின்னினேன். எனக்குத் தெரிந்தது மாட்டுக்குக் கயிறு திரிப்பது. அதே முறுக்கில் இழுத்ததில் பிள்ளைக்குப் புருவம் ரெண்டும் மேலே ஏறி, நாள் முழுக்க எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டவள் மாதிரியே வகுப்பில் இருந்தாளாம். டீக்கடைக்குப் போகிற கருத்தப்பாண்டி நின்று பார்த்துவிட்டு, "ஏலே ஸ்டீபா, எங்க காளைக்கும் வாலப் பின்னி ஒரு ரிப்பனக் கட்டி விடுலே, சந்தைக்குக் கொண்டு போகணும்" என்றான். மறுநாள் வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். ஆம்பளைக்கு வேறென்ன செய்யத் தெரியும்? பியூலா மட்டும் பாதிச் சடையோடு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராக முடிவெட்டும் பொன்னுச்சாமியிடம் போய், "மொட்ட அடிக்கணுமாம், அப்பா சொல்லிவிட்டாக" என்றிருக்கிறாள். ஏதோ வேண்டுதலாக்கும் என்று அவரும் அடித்து, சந்தனமும் பூசி அனுப்பிவிட்டார். எதிர்வீட்டு அழகுத்தாய் மதினி, "எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டீக கொழுந்தனாரே?" என்கிறாள். பொழுது சாய்வதற்குள் போதகர் சைக்கிளில் வந்து இறங்கி, "ஸ்டீபன், விசுவாசத்துல எங்கே தடுமாற்றம்?" என்றார். "ஐயா, விசுவாசத்துல இல்ல, சடையிலதான்" என்றேன். நெடுநேரம் ஜெபித்துவிட்டுப் போனார்.

"ஏன்த்தா இப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன். "இனிமே ஒங்கள யாரும் கேலி பண்ண மாட்டாகல்லப்பா" என்றாள். மச்சான், ராஜாத்தியை அடக்கம் செய்தபோது, "நீங்க அழுதா பிள்ளைக்கு யாரு மாப்ள தைரியம் சொல்றது?" என்று தோளைப் பிடித்து நிறுத்தினீர்களே, அன்றைக்கு நின்ற அழுகையெல்லாம் நேற்று நடுவாசலில் வந்துவிட்டது. கருத்தப்பாண்டி பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

ஆகையால் நீங்கள் எழுதியதே சரி. பிள்ளையின் தலையைக் கூடக் காப்பாற்றத் தெரியாதவன் நான். வந்து கூட்டிக்கொண்டு போங்கள். பாவாடை சட்டையெல்லாம் துவைத்து மடித்து வைக்கிறேன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் வாசற்படியைக் காப்பாராக.

இப்படிக்கு,
ஸ்டீபன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். பியூலா மொட்டையைத் தடவிக்கொண்டே, "முடி திரும்ப வளர எம்புட்டு நாளாகும்ப்பா?" என்றாள். "சட போடுற அளவுக்குன்னா ஒரு வருசம் ஆகும்த்தா." "அதுக்குள்ள நீங்க நல்லாப் பின்னப் பழகிருவீகல்ல?" என்றாள். பழகிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாங்க மச்சான், கோழி அடிக்கிறேன். திரும்பிப் போக ஒரு டிக்கெட் போதும்.