என்னை நானே வேலையை விட்டு நிறுத்திய விவரம்

டாமரக் ஏரி, விஸ்கான்சின்
ஜனவரி, செவ்வாய்க்கிழமை

அன்பும் வாய்க்கொழுப்பும் ஒருங்கே நிறைந்த மச்சான் வெர்லினுக்கு,

கிளெமன்ஸ்கி படகுத்துறைக் கம்பெனியின் தலைவரும், அதே கம்பெனியின் முன்னாள் தொழிலாளியுமான நார்பெர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா ஆர்டிஸும் கம்பெனியும் சுகம். அங்கே நீயும் உன் குடும்பமும், உன் கடையில் அடுக்கி வைத்திருக்கும் டயர்களும் சுகமாயிருக்க ஆண்டவன் அருள்வானாக.

நிற்க. நன்றி நாள் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே அத்தனை சொந்தக்காரர் முன்னாலும் நீ கேட்ட கேள்வி உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. "ஒரு ஆளு, ஒரு லாரி, கணக்குப் பாக்க எங்கக்கா. இதுக்குப் பேரு கம்பெனியா அத்தான்? பேசாம குளிர்காலத்துக்கு நம்ம கடைக்கு வந்து டயர் மாட்டுங்க" என்றாய். கிளெமன்ஸ்கியின் கை அடுத்தவன் கடையில் டயர் தொடாது என்று நான் சொன்னதையும் எல்லாரும் கேட்டார்கள். என்னுடையது அசல் கம்பெனிதான் என்பதற்கு இப்போது அரசாங்கமே சாட்சி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இலையுதிர்காலத்தில், ஏரி உறையுமுன், ஏரிக்கரை வீடுகளின் படகுத்துறைப் பலகைகளையெல்லாம் கழற்றிக் கரையேற்றிவிட்டால், பனிக்கட்டி உருகும்வரை எனக்கு ஓர் ஆணி அடிக்கக்கூட வேலை கிடையாது என்பது உனக்குத் தெரியும். இந்த வருஷம் எங்கள் கணக்காளர் அம்மா ஒரு விஷயம் சொன்னார். கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது, அந்தச் சம்பளத்துக்கு வேலையிழப்புக் காப்பீடும் வருஷா வருஷம் கட்டுகிறது, ஆகவே வேலை இல்லாத காலத்தில் கம்பெனி என்னை நிறுத்தினால் தொழிலாளி என்ற முறையில் நான் உதவித்தொகை கேட்கலாமாம். இது யாரும் போடுகிற பிச்சை இல்லை மச்சான், என் கம்பெனி கட்டிய காசு. சரி, செய்வன திருந்தச் செய் என்று, படகுக் கொட்டகைக்குப் போய், கம்பெனி பேர் போட்ட தொப்பியை மாட்டிக்கொண்டு, ஆர்டிஸைச் சாட்சிக்கு நிறுத்தி, "நார்பெர்ட், உன் உழைப்புக்கு நன்றி, இப்போதைக்கு வேலை இல்லை" என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, போனால் போகட்டும் என்று அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டேன். எந்த நல்ல முதலாளியும் கொடுப்பதுபோல் கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றித்தொடையும் கொடுத்தனுப்பினேன், அதை நாங்களே தின்றோம்.

உதவித்தொகைக்கு மனுவும் போட்டேன், அதற்கப்புறம்தான் வினை. வேலையிழப்பு உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் முதலாளியைக் கேட்டு போன் பண்ணினாள். நான் தொப்பியை மாட்டிக்கொண்டு எடுத்தேன். உங்கள் கம்பெனியில் வேலை இல்லாததால்தான் இவரை நிறுத்தினீர்களா என்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் என் கம்பெனிக்கு வேலை இல்லை என்று ஒரு அந்நியப் பெண்ணிடம் நான் எந்த வாயால் சொல்வது? இந்த ஏரியில் பாதித் துறை எங்கள் கைவேலை, வசந்தம் வந்தால் ஆள் கிடைக்காமல் திண்டாடுவோம் என்று அளந்துவிட்டேன். ஆள் எப்படி என்றாள். இடுப்பளவு ஐஸ் தண்ணீரில் இறங்கித் துறைக்கு இரும்புக்கால் நட இவனை விட்டால் இந்த மாவட்டத்திலேயே ஆள் இல்லை என்றேன். அவ்வளவு வேலையும் இருந்து, அவ்வளவு நல்ல ஆளும் இருந்தால் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாளே பார்க்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என் விஷயத்தில் சரியாய்ப் போச்சு. பணத்தை நிறுத்தி, விசாரணை வைத்துவிட்டார்கள்.

விசாரணை போனிலேயே நடந்தது. நானே இரண்டு பக்கமும் பேச முடியாது, அதனால் கம்பெனியின் செயலாளர் என்ற முறையில் ஆர்டிஸ் சமையலறைப் போனில் கம்பெனிக்காகப் பேசினாள், நான் தொழிலாளியாகப் படுக்கையறைப் போனில் உட்கார்ந்தேன். உன் அக்காவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சத்தியம் வாங்கிவிட்டால் கடவுளுக்கே சலுகை காட்ட மாட்டாள். குளிர்காலத்தில் இவருக்குக் கொடுக்க ஏதாவது வேலை உண்டா என்று அதிகாரி கேட்டார். இவள் யோசித்துவிட்டு, "கொட்டகையச் சுத்தம் பண்ணச் சொல்லி வருஷக்கணக்கா கேக்குறேங்க, சோபாவ விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறாரு" என்றாள். படுக்கையறையில் நான் போனின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். அது கம்பெனி வேலையா வீட்டு வேலையா என்று அவர் தோண்ட, இவள் வீட்டு வேலைதான் என்று ஒப்புக்கொண்டாள், நான் பிழைத்தேன். கடைசியாக, வசந்தத்தில் இவரைத் திரும்ப எடுப்பீர்களா என்றார்.

அதற்கு ஆர்டிஸ் சொன்னாள்: "அவரோட முழங்காலு போன வருஷமே போயிடுச்சுங்க. வலியோடதான் தண்ணில இறங்குனாரு. ஆனா அவரில்லேன்னா இந்தக் கம்பெனியே இல்லைங்க. கட்டாயம் எடுப்போம்."

என் முழங்காலைப் பற்றி அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது மச்சான்.

தீர்ப்பு எனக்குச் சாதகம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊர் மதுக்கடையில் வாராவாரம் போடும் மீன் வறுவல் விருந்துக்குப் போனோம். தன்னைத்தானே வேலையை விட்டுத் தூக்கினவன் வந்துட்டான்டா என்று ஒரே கேலி. நான் அசரவில்லை, எல்லாருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தேன். நீயே யோசித்துப் பார். சொந்த முதலாளியையே வேலையை விட்டு நிறுத்தி, அதை அரசாங்கத்தையும் ஒத்துக்கொள்ள வைக்கிற தெம்பு எதுக்கு உண்டோ அதுதான் கம்பெனி. உன் கடை உன்னை நிறுத்துமா? அதுக்கு அந்தத் துணிச்சல் இருக்கா? பெருமைக்குச் சொல்லவில்லை, உங்கள் குடும்பத்துக்கே நான் ஒரு மரியாதை தேடிக் கொடுத்திருக்கிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. அவர்கள் நீண்ட ஆயுளும், உன்னைவிடக் கொஞ்சம் நல்ல நாக்கும் பெற்று வாழட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து நிற்கும்
நார்பெர்ட் கிளெமன்ஸ்கி, தலைவர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் ஒரு சங்கதி. நான் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போயிருந்தபோது அலுவலகத்திலிருந்து போன் வந்ததாம். யாராவது வேலை தருகிறேன் என்று சொல்லி இவர் மறுத்ததுண்டா என்று கேட்டார்களாம். உன் அக்கா, "ஆமாங்க, என் தம்பி டயர் கடைக்குக் கூப்பிட்டான், இவருதான் மாட்டேன்னுட்டாரு" என்று சொல்லிவிட்டாள். அந்த வேலை இன்னும் இருந்தால் போயே ஆகணுமாம், இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடுமாம். இருக்கா என்று உன் மனைவியிடம் ஆர்டிஸே போனில் கேட்டும் விட்டாள், இருக்காம். திங்கட்கிழமை காலையில் எத்தனை மணிக்கு வரணும்? உங்கள் கடையில் சட்டைமேல் பேர் தைத்துக் கொடுப்பீர்களே, அதில் 'தலைவர்' என்று தைக்க முடியுமா என்று விசாரித்துச் சொல்.