என் கன்சோலில் திருட்டே இல்லைங்க

கொள்கை பேசக் கிளம்புகிறவர்கள் முதலில் தங்கள் பையைத் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது. நான் பார்க்கவில்லை.

படிப்பு முடித்த கையோடு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கேம் கம்பெனியில் இன்டர்வியூ. வெள்ளகோவில் பெண்ணுக்கு கேம் செய்கிற வேலை! கால் தரையில் நிற்கவில்லை. கிடைக்காவிட்டால் மாமாவின் நூல்மில்லில் கணக்கு எழுத வேண்டும் என்று வீட்டில் பேச்சு. (கணக்கு எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.)

நம்பியது நானே எழுதிய ஆட்டத்தை. சென்னிமலைப் படிகளில் தேங்காய்ப் பையைக் குரங்கு பிடுங்காமல் மேலே ஏற வேண்டும். வெளி ஆட்டம் எதுவும் ஏறாதபடி என் கையடக்க கேம் கன்சோலில் தயாரித்தவர்கள் போட்டிருந்த மென்பொருள் பூட்டைத் திறந்து அதை ஏற்றியிருந்தேன். முந்தின நாள் சார்ஜ் ஏறாமல் போகவே, எங்களூர் செல்போன் கடை அண்ணனிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்கினேன்.

இன்டர்வியூவில் கன்சோலைப் பார்த்ததும் கம்பெனி முதலாளியம்மா முகம் சுளித்தார். பூட்டு உடைத்ததா என்று கேட்டார். விடுவேனா!

"நானே எழுதி என்ற சொந்தக் கன்சோல்ல போட்டுக்கறது ஹோம்ப்ரூங்க மேடம். அடுத்தவங்க விக்கறதைக் காசு குடுக்காம காப்பி பண்ணுனாத்தான் திருட்டு. இதுல திருட்டு ஒண்ணுகூட இல்லைங்க."

பெருமையோடு ஆன் செய்தேன். திரை முழுக்க கேம்கள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. அதில் ஒன்று அந்தக் கம்பெனியே புதிதாக வெளியிட்டது!

நான் போடவில்லை என்று நிரூபிக்க, கடை அண்ணனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். அவர் குளிரக் குளிரப் பேசினார்.

"நான்தானுங்க கண்ணு போட்டேன். மெமரி கார்டுல இத்தனை எடம் சும்மா கெடந்துச்சு. நம்ம ஊட்டுப் புள்ளைய வெறுங்கையோட அனுப்பறதுங்களா? அந்தக் கொரங்கு ஆட்டம் ஜோருங்க. கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் போட்டுக் குடுத்துட்டேன்."

இன்டர்வியூவாவது ஒன்றாவது! எனக்கு ரத்தம் கொதித்தது. "அது நான் எழுதுனதுங்கண்ணா! என்னைக் கேக்காம எப்படிக் குடுக்கலாம்?" என்று கத்திவிட்டேன்.

முதலாளியம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "திருட்டுன்னா என்னன்னு இப்பத்தான் உங்களுக்கு நல்லாத் தெரியுது. திங்கக்கெழமை வந்துருங்க அம்மணி."

இன்றும் அங்கேதான் இருக்கிறேன். குரங்கு ஆட்டம் திருடுபோனதால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்பது அப்பாவின் கணக்கு. ஒவ்வொரு புது கேம் வெளிவரும்போதும் போன் செய்வார். எவ்வளவு விற்றது என்று ஒருநாளும் கேட்டதில்லை. குரலைத் தாழ்த்தி, கவலையாக ஒன்றே ஒன்று கேட்பார்:

"ஏங்கண்ணு, இன்னும் ஒருத்தரும் திருடலையா?"