இதயம் அடுக்களையில், பெயர் கூடத்தில்

சுவரொட்டி அப்பா என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். பரீட்சை தேதி தெரிந்ததும் பிள்ளைக்கு வர வேண்டிய காய்ச்சல் இவருக்கு வரும். வந்த வேகத்தில் கடைக்குப் போய் சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, டேப் எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, "கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா மண்டையில தானா ஏறும்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் வெறுமனே இருக்கிற சுவரையெல்லாம் தேடித் தேடி ஒட்டிவிடுவார். குளியலறைக் கதவில் சிறுநீரகம். ஃபிரிட்ஜில் இரைப்பை. பரீட்சை யாருக்கு? அதை மட்டும் கேட்கக் கூடாது.

அப்படி ஒருவருக்கு வாக்கப்பட்டவளுக்கு, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் இதயம் வாய்த்தது. வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் அது அவளையே பார்க்கும். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் நன்றாகத்தான் வரைந்திருந்தார். சிவப்பில் மூன்று தினுசு, ஓரமாய் ஊதா நிழல். அங்கங்கே எண்கள். பெயர் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"பேரெல்லாம் எங்க?"

"கூடத்துல. தனி சார்ட்டு. நம்பரைப் பாத்துட்டு அங்க போய்ப் படிச்சுக்க வேண்டியதுதான்."

"இங்கயே எழுதினா கை வலிக்குமா?"

"எழுத்து விழுந்தா படத்தோட அழகு போயிடும்டி."

"இது பொண்ணு படிக்கவா, பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காட்டவா?"

அவர் ஸ்கெட்ச் பேனாவை மூடிக்கொண்டு நகர்ந்தார். வித்துவான்கள் இதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டார்கள்.

பாவம் மகள். நர்ஸாக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கு அறிவியல் பிரிவு வேண்டும். பிரிவு கிடைக்க முழு ஆண்டுத் தேர்வில் தேற வேண்டும். அடுக்களையில் மூன்றாம் எண்ணைப் பார்த்துக்கொண்டு கூடத்துக்கு ஓடுவாள். போகிற வழியில் தம்பியின் பந்து, டிவி சத்தம், "என்னம்மா, ஏறிடுச்சா?" என்று வழிமறிக்கும் அப்பா. கூடம் போய்ச் சேர்வதற்குள் மூன்று ஐந்தாகியிருக்கும்.

மாதிரித் தேர்வின் விடைத்தாள் வந்தது. இதயம் அச்சு அசல். ஊதா நிழல் இருந்தது. மூலையில் டேப் ஒட்டிய தடம் இருந்தது. எண்ணெய் தெறித்த புள்ளிகூட இருந்தது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தில் டீச்சர் கேட்டிருந்தார்: பெயர்கள் எங்கே?

"கூடத்துலன்னு எழுதிட்டு வர வேண்டியதுதானே" என்றாள் அம்மா.

மகள் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். கூடத்து சார்ட்டை இறக்கி, ஒவ்வொரு பெயராக வெட்டி, அடுக்களை இதயத்தின் மேல் அதது இருக்கிற இடத்திலேயே மகளை ஒட்டச் சொன்னாள்.

ஆபீஸிலிருந்து வந்தவர் கூடத்துச் சுவர் காலியாக இருப்பதைப் பார்த்து நேரே அடுக்களைக்கு வந்தார்.

"என்னடி இது?"

"குடித்தனம் வச்சிருக்கேன். படம் ஒரு பக்கம், பேரு ஒரு பக்கம்னு பிரிஞ்சு கெடந்தா எப்படி வாழும்?"

"பெருந்தமனி கோணலா இருக்கே."

"இந்த வீட்டுல வேற எது நேரா இருக்கு?"

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து மகள் வந்ததும் அவர் ஓடிப் போய்க் கேட்டார்.

"இதயம் வந்துச்சாமே? எப்படி வரைஞ்ச?"

"கொஞ்சம் கோணலாப் போச்சுப்பா. பேரெல்லாம் எழுதிட்டேன்."

"கோணலாவா?" என்று கேட்டவரின் முகம் அப்படியே வாடியது. பிரிவு கிடைத்த அன்றும் அந்த வாட்டம் முழுதாகத் தீரவில்லை. இனத்தின் அடையாளமே அதுதான்.

சிரிக்கிறீர்களா? நல்லது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள்: இதயத்துக்கு என்ன நிறத்தில் நிழல்? ஊதா. டக்கென்று வந்துவிட்டது. சரி, அந்தப் பெண் என்ன ஆக ஆசைப்பட்டாள்?

யோசிக்கிறீர்கள் பாருங்கள். உங்கள் வீட்டுச் சுவரை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.